பட்டாளத்தார் வீட்டு வம்சாவளி: ஒரே பெயரில் இருவர்

எங்கள் குடும்பத்தை ஊரில் இன்றும் 'பட்டாளத்தார் வீடு' என்றே சொல்கிறார்கள். அந்தப் பெயருக்குக் காரணமானவர் என் எள்ளுத்தாத்தாவின் தகப்பனார். அவர் மதராஸ் பட்டாளத்தில் சுபேதார் என்னும் படை அதிகாரியாக இருந்து பர்மாவில் சண்டையிட்டவர் என்றும், அந்த வீரத்துக்குப் பரிசாகத் துரை கொடுத்த பட்டாமணியம் என்னும் கிராம அதிகாரப் பதவியை நாற்பது ஆண்டு பார்த்தவர் என்றும், தாது வருஷப் பஞ்சத்தில் ஊருக்குக் கஞ்சி ஊற்றியவர் என்றும் அப்பா சொல்லிக் கேட்டு வளர்ந்தேன். இரண்டு ஆண்டுகளாக ஓய்வு நேரத்தில் எங்கள் வம்சாவளியை ஆவணங்களைக் கொண்டு எழுதிவருகிறேன். அப்பா சொன்னதில் எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்பதை இதுவரை தெரிந்த அளவில் இங்கே பதிவுசெய்கிறேன்.

முதலில் கையில் கிடைத்தது பதக்கம். பெரியம்மா வீட்டு மரப்பெட்டியில் பழைய பட்டுத்துணியில் சுற்றிக் கிடந்தது. வெள்ளிப் பதக்கம், ஒரு பக்கம் விக்டோரியா ராணியின் தலை, மேலே 'பெகு' என்று பொறித்த ஒரு பட்டை. 1852, 1853ஆம் ஆண்டுகளில் நடந்த இரண்டாம் பர்மியப் போரில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது இது. பதக்கத்தின் விளிம்பில் பெற்றவரின் பெயரைப் பொறிப்பார்கள் என்று படித்திருந்ததால், மாலை வெயில் சாய்வாக விழும் ஜன்னலோரம் வைத்து, உருப்பெருக்கியால் விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பாதி எழுத்துகள் தேய்ந்திருந்தன. ஆயினும் பெயரும், அதற்கு முன்னால் 'சிப்பாய்' என்பதும், பின்னால் 35ஆவது மதராஸ் காலாட்படை என்பதும் தெளிவாகப் படிக்க வந்தன. பெயரின் எழுத்துக்கூட்டலை எந்த எழுத்தரோ தன் காதுக்குக் கேட்டபடி எழுதியிருந்தார். வாய்விட்டுப் படித்த பிறகுதான் அது பட்டாளத்தாரின் பெயர் என்று விளங்கியது. இத்தகைய பதக்கம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து புளி போட்டு விளக்கிவிட வேண்டாம். பளபளப்போடு விளிம்பெழுத்தும் போய்விடும்.

அந்த 35ஆவது படை 1852 ஏப்ரலில் ரங்கூனைப் பிடித்த சேனையில் இருந்தது. ஏப்ரல் 14ஆம் தேதி ஷ்வேடகோன் பகோடாவைத் தாக்கிக் கைப்பற்றியபோது அவரும் அங்கே இருந்திருக்கக் கூடும் என்று எண்ணும்போதெல்லாம், ஏழு ரூபாய் மாதச் சம்பளத்துக்குக் கடல் கடந்து போன அந்த இளைஞரை நான் இன்னும் நெருக்கமாக உணர்கிறேன். மற்றவர் நாட்டைப் பிடிக்கப் போனவர் என்பதும் மறக்கக் கூடியதல்ல.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அனுமதி பெற்று நான்கு முறை உட்கார்ந்தேன். ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு இருப்பதைப்போல நம் சிப்பாய்களுக்குத் தனித்தனிக் கோப்புகள் கிடைப்பது மிக அரிது. பதவியும் நிலமும்தான் அவர்களைக் காகிதத்தில் விட்டுவைக்கின்றன. எனவே பட்டாளத்தைத் தேடுவதை நிறுத்திவிட்டு மணியத்தைத் தேடத் தொடங்கினேன். அதுவே வழியைத் திறந்தது.

கிராம முன்சீப் என்னும் பட்டாமணியக்காரரின் அதிகாரத்தை 1816ஆம் ஆண்டின் ரெகுலேஷன்கள் என்னும் சட்டங்கள் வரையறுத்தன. வரி வசூலும் ஊர்க் காவலும் அவர் கையில் இருந்தன. பத்து ரூபாய் வரையிலான சிறு வழக்குகளையும் அவரே விசாரிக்கலாம். சிறு குற்றத்துக்காகத் தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவர்களை மட்டும் தொழுமரத்தில், அதாவது கால்களைப் பூட்டும் தண்டனைக் கட்டையில், மாட்டிவைக்கவும் சட்டம் அவருக்கு இடம் கொடுத்திருந்தது. இந்தப் பதவியை ஏற்றவர் எங்கள் முன்னோர் என்று பெருமையாக எழுதும்போது இதையும் சேர்த்து எழுதாவிட்டால் அந்த வம்சாவளி பொய்யாகிவிடும் என்று கருதுகிறேன்.

என் பெரிய தவறு இந்த இடத்தில்தான் நேர்ந்தது. வீட்டில் கிடைத்த இரண்டு பத்திரங்களிலும் ஒரே பெயர், அதே பட்டாமணியம், இரண்டிலும் 'தாது வருஷம்'. தாது வருஷம் என்றதும் 1876இல் தொடங்கிய பெரும்பஞ்சம்தானே நினைவுக்கு வரும்? இரண்டையும் பட்டாளத்தார் கணக்கில் எழுதி, அவரை மையமாக வைத்து வம்சாவளி மரத்தையும் வரைந்துவிட்டேன். ஆறு மாதம் கழித்து, இரண்டையும் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக வைத்து நிழற்படம் எடுத்தபோதுதான் முத்திரைத்தாளின் தலைப்பைக் கவனித்தேன். ஒன்றில் விக்டோரியா ராணி. மற்றதில் தாடி வைத்த ஐந்தாம் ஜார்ஜ். தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வருகின்றன. இரண்டாவது தாது 1936ஆம் ஆண்டு. பாட்டன் பெயரைச் சுமப்பவனைத்தான் நம் மொழி 'பெயரன்' என்கிறது. அந்த வழக்கப்படி பட்டாளத்தாரின் பெயரையே அவர் பேரனான என் கொள்ளுத்தாத்தாவும் தாங்கியிருக்கிறார். குடும்பக் கதையில் வரும் நாற்பது ஆண்டு மணியம், இரண்டு ஆட்களின் வேலையை ஒருவர் தலையில் ஏற்றியது.

பிரித்துவிட்ட பிறகு 1876ஆம் ஆண்டுப் பத்திரம் தானாகப் பேசியது. அதில் பட்டாளத்தார் 'பென்ஷன் அவில்தார்' (சுபேதாருக்குக் கீழான பதவி) என்றும் 'பதில் மணியம்' என்றும் குறிக்கப்படுகிறார். ஆகவே அவர் சுபேதாராக ஓய்வு பெறவில்லை. மணியமும் துரை கொடுத்த பரிசன்று. அது எங்கள் பங்காளிகளின் பரம்பரைப் பதவி. அண்ணன் இறந்தபோது அவருடைய மகன் மைனர் என்பதால், பட்டாளத்திலிருந்து திரும்பி வந்த தம்பி அந்தப் பிள்ளைக்காகப் பதவியைப் பார்த்திருக்கிறார். பின்னாளில் அந்தக் கிளை வாரிசின்றி முடிந்ததால்தான் மணியம் கொள்ளுத்தாத்தாவிடம் வந்தது என்பதைப் பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவரின் குலதெய்வக் கோயில் தலைக்கட்டு நோட்டு, அதாவது கோயிலுக்கு வரி கொடுக்கும் குடும்பங்களின் பதிவேடு, உறுதிசெய்தது. 1980 நவம்பரில் அரசு பகுதிநேரக் கிராம அதிகாரிகள் பதவியை ஒழித்தபோது அதில் இருந்தவர் என் தாத்தாவின் தம்பி.

இந்த முடிவைச் சொன்னபோது அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணன் பிள்ளைக்காகப் பார்த்தாரா? அப்படியென்றால் அதையே எழுது" என்றார்.

மேல்நோக்கிய தலைமுறைகளில் பட்டாளத்தாரின் தகப்பனார் பெயர், 'இன்னார் குமாரர்' என்று பத்திரத்திலேயே இருப்பதால், உறுதி. அதற்கு மேல் உள்ள பாட்டனார் பெயரை, பெயரன் வழக்கத்தை வைத்துப் பென்சிலால் மட்டும் எழுதியிருக்கிறேன். ஒரு தாளாவது கிடைக்கும்வரை அது பென்சிலாகவே இருக்கும்.

பட்டாளத்தாரின் மனைவியைக் குடும்பத்தில் 'பல்லாவரத்தாள்' என்று மட்டும் சொல்வார்கள். பல்லாவரம் அவர் பிறந்த ஊர் என்று நம்பி அங்கே சம்பந்திகளைத் தேடிக் காலம் செலவிட்டேன். பல்லாவரம் அந்நாளில் பட்டாளம் தங்கிய கண்டோன்மென்ட். மதராஸ் சிப்பாய்களின் குடும்பங்கள் பட்டாளத்தோடு ஊர் ஊராகப் போகும். கடல் கடந்து போகும்போது சம்பளத்தில் ஒரு பகுதியைக் குடும்பத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போவார்கள். கணவர் ரங்கூனில் இருந்தபோது அவர் பிள்ளையோடு காத்திருந்த இடத்தின் பெயரே அவருக்கு ஒட்டிக்கொண்டது என்று இப்போது நினைக்கிறேன். அவருடைய சொந்தப் பெயருக்கான கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. அடுத்த மாதம் தலைக்கட்டு நோட்டின் முந்தைய தொகுதிகளைப் பார்க்கப் போகிறேன்; அவற்றில் திருமணச் சீர் கணக்கும் எழுதியிருப்பதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார்.