மார்கழியில் வாசித்த இரு நாவல்கள்

மார்கழி முழுவதும் விடியலுக்கு முன்பே கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை தொடங்கிவிடுவதால், வாசல் தெளித்துக் கோலமிட்ட பிறகு அடுப்பு மூட்டும் வரையிலான நேரம் எனக்கு வாசிப்புக்கென்றே அமைந்துவிட்டது.

முதலில் சோ. தர்மனின் ‘சூல்’. 2019ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற இந்நாவல், உருளைக்குடி என்னும் கரிசல் கிராமத்தின் கண்மாயையும் அதைச் சார்ந்து வாழ்ந்த மக்களையும் பற்றியது. கண்மாயிலிருந்து கரம்பை என்னும் வண்டல் மண்ணை வெட்டி, மாட்டுவண்டிகளில் நிலத்துக்குக் கொண்டுசெல்லும் பகுதியை மூன்று முறை வாசித்தேன். தூர்வாருதலும் உரமிடுதலும் ஒரே உழைப்பில் நிறைவேறிய அந்த ஏற்பாட்டை எந்தப் பாடநூலும் இவ்வளவு தெளிவாக எனக்குக் கற்பித்ததில்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, எங்கள் ஊர்க் கண்மாய் பாதியளவு நிறைந்து நிற்கும் இந்நாட்களில், நாவலில் வரும் மடைக்குடும்பன் போன்ற ஒரு காவலர் இன்று எந்த மடையிலும் இல்லையே என்ற வருத்தம் மிகுந்தது.

அடுத்து இமையத்தின் ‘செல்லாத பணம்’. தீக்காயத்தோடு மருத்துவமனையில் கிடக்கும் ரேவதியைச் சுற்றி நகரும் கதை, உரையாடல்களாலேயே உயிர்பெறுவது. அதிகாலையில் வாசிக்க ஏற்ற நூலன்று. ஆனாலும் பெண் பிள்ளைகளைப் பெற்ற ஒவ்வொருவரும் இதை அவசியம் வாசிக்க வேண்டும்.

தை பிறந்தால் உளுந்து அறுவடை வேலைகள் வந்துவிடும். அதற்குள் பூமணியின் ‘அஞ்ஞாடி’யைத் தொடங்கிவிட எண்ணியிருக்கிறேன்.