வலது காதைப் பற்றி ஒரு வரி

“வலது காதில் சாக்யூல் சற்று விரிந்து காணப்படுகிறது. நோய்க்குறிகளோடு பொருத்திப் பார்க்கவும்.”

ஸ்கேன் படங்களைப் படித்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. சாக்யூல் என்பது உட்காதில் சமநிலையை உணரும் ஒரு சிறு பை. அந்த ரிப்போர்ட்டில் மற்றதெல்லாம் இடது காதைப் பற்றியது. வலது காதுக்கென்று எழுதியது இவ்வளவுதான். எழுதியது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அப்படி நினைத்து முடித்த பிறகும் அந்த நோயாளி சொன்னது மனதை விட்டுப் போவதில்லை.

“வலது காதுல எனக்கு ஒண்ணுமே இல்ல டாக்டர். நீங்கதான் இருக்குன்னு எழுதிட்டீங்க.”

அவருக்கு இடது காதில் மெனியர் நோய். அதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. 20 நிமிடத்திலிருந்து 12 மணி நேரம் வரை நீடிக்கும் தலைசுற்றல் திரும்பத் திரும்ப வருவது, ஆடியோகிராம் என்ற கேட்புத்திறன் சோதனையில் தாழ்ந்த அதிர்வெண்களில் கேட்புக் குறைவு, கூடியும் குறைந்தும் வரும் இரைச்சல், காதடைப்பு என்று 2015-இல் சமநிலைக் கோளாறுகளை ஆராயும் பராணி சங்கமும் பிற அமைப்புகளும் சேர்ந்து வகுத்த அளவுகோல்கள் அத்தனையும் அவருக்குப் பொருந்தின. அந்த அளவுகோல்களில் எம்.ஆர்.ஐ. கிடையாது. படம் இல்லாமலே இந்த நோயை உறுதி செய்யலாம். அப்புறம் எதற்கு ஸ்கேன் என்றால், செவிநரம்பில் கட்டி ஏதும் இல்லை என்று தெரிய வேண்டும். அதைவிட முக்கியமாக, அவருக்கு ஜென்டாமைசின் ஊசி போடுவதாக இருந்தது.

இந்த ஊசியைப் பற்றிச் சொன்னால்தான் அந்த ஒரு வரியின் கனம் புரியும். உப்பைக் குறைத்தும் மாத்திரை சாப்பிட்டும் அடங்காத தலைசுற்றலுக்கு, செவிப்பறை வழியாக நடுச்செவிக்குள் ஜென்டாமைசினைச் செலுத்துவார்கள். அது உட்காதுக்குள் கசிந்து, சமநிலையை உணரும் மயிர்ச்செல்களை அழிக்கும். மருந்து அங்கே நோயைக் குணப்படுத்துவதில்லை. தாறுமாறாகச் சமிக்ஞை அனுப்பும் காதின் குரலை அடக்குகிறது, அவ்வளவுதான். பிறகு மூளை மறுகாதை நம்பி நிற்கவும் நடக்கவும் பழகிக்கொள்ளும். ஆகவே சிகிச்சை முழுக்க மறுகாதின் மேல்தான் நிற்கிறது. பின்னாளில் அதுவும் கெட்டால் இருட்டில் தடுமாற்றம், நடக்கும்போது கண்ணெதிரே இருப்பதெல்லாம் குலுங்குவது என்று மிச்ச வாழ்க்கையே வேறாகிவிடும்.

இதெல்லாம் தெரிந்துதான் அன்று திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

உட்காதில் இரண்டு திரவங்கள் உண்டு. உள்ளே எண்டோலிம்ப், அதைச் சுற்றிப் பெரிலிம்ப். வழக்கமாக எடுக்கும் படத்தில் இரண்டும் ஒரே வெள்ளையாகத் தெரியும். பிரித்துப் பார்க்க வழியில்லை. பிரெஞ்சு மருத்துவர் மெனியர் 1861-இல் இந்த நோயை விவரித்துவிட்டார். உள்திரவம் வீங்கியிருப்பதை 1938-இல்தான், அதுவும் இறந்தவர்களின் உட்காது பொதிந்த பொட்டெலும்பை வெட்டிப் பார்த்துக் கண்டார்கள். உயிரோடு இருக்கும் ஒருவரின் காதில் அதைப் படமெடுக்க 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜப்பானின் நகோயா குழு காடோலினியம் என்ற, படத்தில் வெளுப்பாகத் தெரியும் மருந்தை நீர்க்கச் செய்து செவிப்பறை வழியாகச் செலுத்தி அதைக் காட்டியது. இப்போது அதை ரத்தநாளத்தில் ஊசியாகப் போட்டுவிட்டு நான்கு மணி நேரம் போல் காத்திருந்து, 3 டெஸ்லா இயந்திரத்தில் ஃப்ளேர் என்ற வகை எம்.ஆர்.ஐ. படம் எடுக்கிறோம். காடோலினியம் மெல்லப் பெரிலிம்பில் சேர்ந்து அதை வெளுப்பாக்கும். எண்டோலிம்புக்குள் போகாது. வெளுத்த பின்னணியில் எண்டோலிம்ப் நிறைந்த சமநிலைப் பைகளான சாக்யூலும் யூட்ரிக்கிளும் இரண்டு கருப்புப் புள்ளிகளாகத் தெரியும். சாக்யூல் சிறியதாக இருக்க வேண்டும். அது யூட்ரிக்கிள் அளவுக்கு வளர்ந்தாலோ, இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டாலோ வீக்கம் என்கிறோம்.

இடது காதில் இரண்டும் சேர்ந்து, அவை இருக்கும் வெஸ்டிபியூல் என்ற அறையையே ஏறக்குறைய அடைத்திருந்தன. கேட்கும் உறுப்பான நத்தைச்சுருளிலும் வீக்கம். மிச்சமிருந்த பெரிலிம்ப், வலது பக்கத்தைவிடப் பிரகாசமாக ஒளிர்ந்தது. ரத்தத்துக்கும் உட்காதுக்கும் இடையிலான தடுப்பு கசிகிறது என்பதற்கு அது அடையாளம். படித்துக் காட்டத் தகுந்த படம் என்று மாணவர்களிடம் சொல்வேன்.

வலது காதுதான் பிரச்சினை. சாக்யூல் யூட்ரிக்கிளுக்குச் சமமாக இருந்தது. பெரிதாக இல்லை, சமமாக. நத்தைச்சுருள் சுத்தம். பெரிலிம்ப் வழக்கமான அளவுக்கே வெளுத்திருந்தது. வெஸ்டிபியூல் முழுவதுமே சில மில்லிமீட்டர்தான். தலை லேசாக அசைந்தாலும் விளிம்பு மங்கிவிடும். அவர் அசையவில்லை. அசைந்திருந்தால் ‘தெளிவாக இல்லை’ என்று எழுதிவிட்டு நகர்ந்திருப்பேன். படம் நன்றாக வந்துவிட்டதே என்று ஒரு கணம் சங்கடப்பட்டது நினைவிருக்கிறது.

எழுதுவதா வேண்டாமா? நோய்க்குறி எதுவும் இல்லாத காதுகளிலும் இந்த வீக்கத்தைக் காண்கிறோம். பொட்டெலும்பு ஆய்வுகளும் அதையே சொல்கின்றன: மெனியர் நோயாளிகளின் காதில் வீக்கம் இருக்கும், ஆனால் வீக்கம் இருந்தவர்கள் எல்லோருக்கும் நோய் இருந்ததில்லை. அந்த வாதத்தின்படி விட்டிருக்கலாம். ஆனால் இந்த நோய் சிலருக்குப் பல வருடம் கழித்து மறுகாதுக்கும் வருகிறது. அழிக்கும் ஊசி தயாராக இருக்கும்போது, மறுகாதில் கண்டதை எப்படிச் சொல்லாமல் இருப்பது? எழுதினேன்.

மறுநாள் ஈ.என்.டி. மருத்துவர் போன் செய்தார்.

“வலது பக்கம் எவ்வளவு நிச்சயம்?”

“விரிவு இருப்பது நிச்சயம். அது நோயா என்பதைப் படம் சொல்லாது.”

“அப்போ ஜென்டாமைசினை நிறுத்தி வைக்கிறேன்.”

நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. போடுங்கள் என்றும் சொல்லவில்லை. அது என் வேலை இல்லை. ஸ்டீராய்டு ஊசிக்கு மாறினார்கள். அது காதை அழிக்காது; எல்லோருக்கும் பலன் தரவும் செய்யாது. அடுத்த சில மாதங்களில் அவருக்குத் தலைசுற்றல் தொடர்ந்து வந்தது. உயரத்தில் ஏறி மின்வேலை செய்பவர். ஏறுவதை நிறுத்திவிட்டார். ஒருமுறை படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அதற்குப் பிறகுதான் படத்தைத் தானே பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

கோபத்தோடு வரவில்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்வது எளிதாக இருந்திருக்கும்.

படத்தைக் காட்டினேன். எது சாக்யூல், எது யூட்ரிக்கிள் என்று சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகுதான் அதைச் சொன்னார், நீங்கதான் எழுதிட்டீங்க என்று.

“இருந்ததைத்தான் எழுதினேன்,” என்றேன்.

“இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமே. இடது காதுல வர்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். அடைக்கும், இரைச்சல் மாறும். வலது காது அப்படி ஒரு நாள்கூடப் பண்ணினது இல்ல.”

“எல்லா வீக்கமும் தெரியாது.”

“தெரியாத ஒண்ணுக்காகவா எனக்குத் தெரியறத நிறுத்தி வெச்சீங்க?”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. இரண்டு காதும் போன ஒருவரைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்விக்குத் தயங்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பதிலை மணிக்கட்டில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லும்போது, இன்னும் நடக்காத ஒன்றைக் காட்டி, நடந்து கொண்டிருப்பதைச் சிறிதாக்குவது போல இருந்தது. ஏதோ சொன்னேன். தலையசைத்துவிட்டுப் போனார்.

அவருடைய சாட்சியத்தை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்கேன் அன்று மேசை உள்ளே நகரும்போது “சுத்துது, ஆனா இது என் சுத்தல் இல்ல” என்று டெக்னீஷியனிடம் சொல்லியிருக்கிறார். பயத்தில் சொல்கிறார் என்று எண்ணிச் சமாதானப்படுத்தி உள்ளே அனுப்பினார்கள். அவர் சொன்னது பிசகில்லை. வலிமையான காந்தப்புலம் உட்காதைத் தொடும். எண்டோலிம்பில் ஓடும் மின்னோட்டத்தின் மேல் காந்தப்புலம் விசை செலுத்தி, அரைவட்டக் குழாயின் உணர்முனையை நகர்த்துவதாக 2011-இல் விளக்கம் வந்தது. இருட்டில் கண் தானாக அசைவதைப் பதிவு செய்தார்கள். உட்காது செயலற்றவர்களுக்கு அந்த அசைவு வரவில்லை. ஆக, தன் நோயின் சுழற்சியையும் எங்கள் இயந்திரத்தின் சுழற்சியையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த மனிதர் அவர். அப்படிப்பட்டவர் வலது காதில் ஒன்றுமில்லை என்றால், அதுவும் ஒரு கண்டறிதல்தானே? அதை எழுத ரிப்போர்ட்டில் இடம் இல்லை.

பெரிலிம்ப் வெளுப்பு வலது பக்கம் இயல்பாக இருந்ததை எழுதியிருந்தேனா என்று பிறகு எடுத்துப் பார்த்தேன். எழுதியிருக்கிறேன். ஆனால் இடது காதைப் பற்றிய பத்தியில், ஒப்பீடாக. வலது காதின் வரிக்குப் பக்கத்தில் அது வந்திருந்தால், நோய் அங்கே இல்லாமலும் இருக்கலாம் என்று படிப்பவருக்குத் தோன்றியிருக்குமா? தோன்றியிருந்தாலும் ஊசியை நிறுத்தியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அந்த மருத்துவர் எச்சரிக்கையானவர்; எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு. நோயா என்பதைப் படம் சொல்லாது என்று போனிலும் சொல்லித்தான் இருந்தேன். ஆனாலும் இந்தப் பத்தி விஷயத்தை நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன்.

முன்பெல்லாம் உட்காதைப் படமெடுக்க முடியாததால் மறுகாதைப் பற்றி நோயாளி சொல்வதையும் ஆடியோகிராமையும்தான் நம்பினார்கள். அப்படி நம்பிப் போட்ட ஊசிகளால் எத்தனை பேர் நிம்மதியாக இருந்தார்கள், எத்தனை பேர் பின்னாளில் தவித்தார்கள் என்பதை நினைத்தால் இரண்டு பக்கமும் வாதம் கிடைக்கிறது. இந்தப் படத்தை எடுக்க முடிவதில் எனக்கு இன்றும் சந்தோஷம்தான். பல வருடம் ‘உங்களுக்கு ஒன்றுமில்லை, மன அழுத்தம்’ என்று கேட்டு நொந்தவர்களிடம் அந்தக் கருப்புப் புள்ளியைக் காட்டும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அதே படம் இவருக்கு வேறு விதமாக வேலை செய்தது.

அவருடைய தலைசுற்றல் இப்போது குறைந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். ஸ்டீராய்டாலா, நோய் தானாக அடங்கும் காலத்தாலா, தெரியாது. இந்த நோயில் இரண்டும் உண்டு. வலது காதின் ஆடியோகிராம் நன்றாகவே இருக்கிறது. போன வாரம் அவருக்கு மறுபடி ஒரு ஸ்கேனுக்குக் கேட்டு சீட்டு வந்தது. ‘வலது சாக்யூல் அப்படியே இருக்கிறதா, கூடியிருக்கிறதா?’ என்பதுதான் கேள்வி. பழைய படத்தைக் காட்டாமல் புதுப் படத்தைப் படிக்கும்படி ஒரு சக மருத்துவரிடம் கொடுக்கப்போகிறேன். அவரும் விரிவு என்றால் என் வரி நிற்கும். இயல்பு என்றால் இரண்டையும் ரிப்போர்ட்டில் எழுதுவேன். அதை வைத்துக்கொண்டு ஈ.என்.டி. மருத்துவர் என்ன முடிவெடுப்பார் என்பதை இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.