ஜெபித்த பின்பும் தொடர்வோம்
காசிமேட்டிலும் ராயபுரத்திலும் வீட்டு ஜெபத்தை முடித்து, ஆமென் சொல்லிப் புறப்படுவதோடு ஊழியம் நிறைவடைந்ததாக எண்ணும் உடன் ஊழியர்களுக்கு, முன்பு வசனம் அறிவித்த பட்டணங்களுக்கெல்லாம் திரும்பிப் போய்ச் சகோதரரின் நிலையைப் பார்த்துவர வேண்டும் என்று பவுல் பர்னபாவை அழைத்ததை (அப்போஸ்தலர் 15:36) அன்போடு நினைவூட்டுகிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்க, வருமானமின்றிக் கடன் நெருக்கும்போதுதான் புதிய விசுவாசியின் மனம் மிகவும் தளரும். அந்நாட்களில் அவர் வீட்டுக்குச் சென்று, 16 அதிகாரங்களே உள்ள மாற்கு சுவிசேஷத்தைச் சிறிது சிறிதாகச் சேர்ந்து வாசியுங்கள். வாசிக்க இயலாத முதியவர்களுக்கு நாமே வாசித்துக் காட்டலாம். அவர் தம் சொந்த வார்த்தைகளில் ஜெபிக்கும்வரை பொறுமையாகக் காத்திருங்கள். அவர் நம்பிச் சொன்ன குடும்பக் காரியத்தை அவருடைய சம்மதமின்றிச் சாட்சியாக மேடையில் பகிர்வது, எந்த நல்லெண்ணத்தோடு செய்தாலும், தவறு என்றே உறுதியாகக் கருதுகிறேன்.