மார் பட்டத்துக்கு வம்சாவளி வரைந்த கதை

மூன்று வாரமாக ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஸ்காட்லாந்தின் மார் ஏர்ல் பட்டத்துக்கு (ஏர்ல் என்பது பரம்பரையாக வரும் ஒரு பிரபுப் பட்டம்) வம்சாவளி வரைந்துகொண்டிருக்கிறேன். ஆண் வழிக்கு நீலப் பென்சில், பெண் வழிக்குச் சிவப்பு. இன்றைக்கு அந்த ஒரே பெயரில் இரண்டு ஏர்ல் பட்டங்கள் இருக்கின்றன, அது எப்படி நடந்தது என்று கையால் கோடு போட்டே புரிந்துகொள்ள ஆசை.

சண்டை வெடித்த 1866இலிருந்து ஆரம்பித்தேன். மார், கெல்லி இரண்டு பட்டங்களையும் வைத்திருந்த ஏர்ல் அந்த வருடம் பிள்ளையில்லாமல் இறந்தார். கெல்லி ஆண் வாரிசுக்கு மட்டும் போகிற பட்டம், ஆகவே பங்காளி வால்டர் எர்ஸ்கினுக்குப் போனதில் தகராறு இல்லை. மார் பட்டத்தில்தான் சிக்கல். இறந்தவருடைய சகோதரி மகன் ஜான் குட்ஈவ், தாய்மாமன் பட்டம் தனக்கே என்று சொல்லி எர்ஸ்கின் என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டார். மார் பட்டமும் தனக்கே என்று வால்டர், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் மனுப் போட்டார், 1872இல் அவரும் இறந்துவிட, மகன் வழக்கைத் தொடர்ந்தார்.

சரி, பெண் வழிக்கு உரிமை உண்டா என்று பார்க்க 1404க்குப் போனேன். அங்கேயே ஒரு வாரம் ஓடிவிட்டது. இசபெல் மார் பட்டத்தைத் தன் உரிமையில் வைத்திருந்தவர், விதவை. ராஜாவின் தம்பி மகன் அலெக்சாண்டர் ஸ்டூவர்ட் அவருடைய கில்ட்ரம்மி கோட்டையைப் பிடித்துக்கொண்டு, ஆகஸ்டில் பட்டமும் நிலமும் கடைசியில் தன் வாரிசுகளுக்கே போகும்படி சாசனம் எழுதி வாங்கினார். அது செல்லாது என்று தெரிந்ததும் அதே வருடம் கோட்டை வாசலில் வந்து நின்று சாவியை இசபெல் கையில் திருப்பிக் கொடுத்தார். சாவியைப் பிடித்தபடியே இவரைக் கணவராக ஏற்கிறேன் என்றார் இசபெல். புதிய சாசனத்தில், இருவருக்கும் பிள்ளை இல்லையென்றால் எல்லாம் இசபெலின் வாரிசுகளுக்கு என்று மாறியது. இந்த ஒரு வரிக்காகவே என் தாளில் சிவப்புக் கோட்டைத் தடிமனாகப் போட்டேன்.

1435இல் அலெக்சாண்டர் இறந்ததும் அந்த வாரிசுரிமையைக் கேட்டவர் ராபர்ட் எர்ஸ்கின். 1457இல் ராஜா இரண்டாம் ஜேம்ஸ் அதை ரத்து செய்ய வைத்து, எல்லாவற்றையும் அரசுடைமை ஆக்கினார். அப்புறம் 1565இல்தான் மேரி ராணி, ராபர்ட் வழியில் வந்த ஜான் எர்ஸ்கினுக்குத் திருப்பிக் கொடுத்தார்.

வரைவதில் ரொம்பக் கஷ்டப்பட்ட இடம் 1824. 1715இல் ராஜாவுக்கு எதிராகக் கலகம் நடத்திப் பட்டத்தை இழந்த ஏர்லின் மகள் பிரான்செஸ், சொந்தச் சித்தப்பா மகனையே கட்டிக்கொண்டார் (நம் முறைப்படி அண்ணன் தங்கை உறவு!). அவர்களுடைய மகனிடம் சிவப்பும் நீலமும் ஒரே கட்டத்தில் வந்து சேர்கின்றன, அதை மூன்று தடவை அழித்துப் போட்டேன். 1824இல் பட்டம் அவருக்குத் திரும்பியபோது சொன்ன காரணம், இழந்தவருடைய பேரன் என்பது. அந்த உறவு அம்மா வழியில் மட்டும்தான் வரும்.

இதையெல்லாம் மீறித்தான் 1875இல் பிரபுக்கள் சபை, 1565இல் மேரி கொடுத்தது புதுப் பட்டம், அது ஆண் வாரிசுக்கே என்று தீர்ப்புச் சொன்னது. அப்படிப் புதிதாகக் கொடுத்ததற்கு ஒரு சாசனம்கூட கிடையாது. தீர்ப்பை நம்பினால் என் சிவப்புக் கோடு 1435இலேயே நின்றுவிட வேண்டும், எனக்கு மனசு வரவில்லை. குட்ஈவும் விடவில்லை. 1885இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டுப் பழைய பட்டத்தை அவருக்குக் கொடுத்தது, 1875 தீர்ப்பையும் ரத்து செய்யவில்லை, அதனால்தான் ஒரே பெயரில் இரண்டு பட்டங்கள். அந்தப் பழைய பட்டத்தின் வழியில் வந்த 31ஆவது கவுண்டஸ் (ஏர்ல் பட்டம் பெண்ணிடம் இருந்தால் இந்தப் பெயர்) மார்கரெட் 2020 வரை பிரபுக்கள் சபையில் இருந்தார்.

நேற்று சிவப்புக் கோட்டை அவர் பெயர் வரை கொண்டுவந்து மையால் எழுதிவிட்டேன். நீலக் கோடு 1885க்கு அப்புறம் இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது.