நாலாயிரம் கவுண்ட்

மண்டபத்தில் இறால் வியாபாரி வீட்டில் பிறந்துவிட்டு, "நான் இறால் வளர்க்கப் போறேன்" என்று சொன்னால் முதலில் யாரும் திட்ட மாட்டார்கள். சந்தோஷப்படுவார்கள். அப்பாவும் சந்தோஷப்பட்டார்.

"வன்னாமியா? லைசென்ஸ் வாங்கணுமே. குளம் எங்க வெட்டப் போற?"

"ஹால்ல. டிவி பக்கத்துல."

அதற்கு அப்புறம் நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. இது குளம் வெட்டி வளர்க்கிற வன்னாமி மாதிரிக் கடல் இறால் இல்லை, செர்ரி இறால் என்று ஒரு நன்னீர் ரகம், தைவான், சீனப் பக்கத்து ஓடைகளில் இருப்பது, சும்மா பழுப்பாகக் கிடந்ததைத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கிச் சிவப்பாக்கியிருக்கிறார்கள், முழுசாக வளர்ந்தாலே ஓர் அங்குலம்தான், சாப்பிட இல்லை, பார்க்க. எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கிலோவுக்கு எத்தனை கவுண்ட் நிக்கும்?"

இறால் தொழிலில் கவுண்ட் தெரியாமல் பேச்சே கிடையாது. 30 கவுண்ட் என்றால் கிலோவுக்கு முப்பது உருப்படி. எண்ணிக்கை ஏற ஏற இறால் சிறுத்துவிட்டது, விலையும் இறங்கிவிட்டது என்று அர்த்தம். இதுவோ ஒன்று கால் கிராம் வந்தாலே பெரிசு. "ஒரு நாலாயிரம் கவுண்ட் இருக்கும்பா" என்றேன். அப்பா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

அப்பத்தா மட்டும் தெளிவாக இருந்தாள். போனில் படத்தைக் காட்டியதும், "இது கூனியில்ல? இதக் காய வச்சு அள்ளிப்போட்டுத் துவையல் அரைப்பாக. இதுக்கு லைட்டு வேறயா?" என்றாள்.

தொட்டி ஒன்றரை அடி நீளம், நாற்பது லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, மண், லைட்டு எல்லாம் வாங்குவது பெரிய காரியமில்லை, காசு கொடுத்தால் வந்துவிடும். எங்கள் ஊரில் கஷ்டம் தண்ணீர். மூன்று பக்கம் கடல் தெரியும் ஊரில் இறாலுக்குத் தண்ணீர் தேடி அலைந்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத கரிப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற அன்றைக்கு வரும், அதில் குளோரின் இருக்கும். கேன் தண்ணீர் சுத்தம்தான், ஆனால் ஓட்டுக்குத் தேவையான சுண்ணாம்புச் சத்துக்கூட இல்லாத அளவுக்குச் சுத்தம். செர்ரி இறாலுக்குக் கரைந்த உப்புகள் டிடிஎஸ் கணக்கில் 150க்கும் 250க்கும் நடுவில் இருந்தால் சௌகரியம். அதற்காக ஒரு மீட்டர் வாங்கினேன். பேனா சைஸில் இருக்கும், தண்ணீரில் முக்கினால் எண் காட்டும். கிணற்றுத் தண்ணீரில் முக்கினேன், 2,000ஐத் தாண்டி ஓடியது. கேன் தண்ணீரில் 40.

மீட்டர் வந்த விஷயம் தெருவுக்குத் தெரிந்ததும் இறாலை எல்லாரும் மறந்துவிட்டார்கள். ஆளுக்கொரு செம்பு, டம்ளர், பாட்டில் என்று தூக்கிக்கொண்டு வரிசையாக வந்தார்கள். எதிர்வீட்டு மாமா இளநீரைக் கொண்டுவந்து அளக்கச் சொன்னார். டீக்கடைக்காரர் தன் கடைத் தண்ணீர் 90 என்று வந்ததும் அதைக் கரும்பலகையில் எழுதி வைத்தார். பக்கத்து டீக்கடைக்காரர் அன்று சாயங்காலமே வந்து, "தம்பி, நம்ம கடைக்கும் ஒரு நம்பர் போட்டுக் குடு, பாத்துப் போடு" என்றார். என்னமோ மார்க் போடுகிற வாத்தியார் நான்.

அம்மாவுக்கோ கவலை குடத்தில். குடம் இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்குகிற தண்ணீரில் தொட்டிக்கு மூன்று குடம் போனால் அவளுக்கு நெஞ்சு அடைக்காதா? அதிலும் செம்புக் குடத்துத் தண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிக் குடத்துத் தண்ணீர் மட்டும் கொடு என்று நான் சொன்னது ஆறாத புண்ணாகிவிட்டது. செம்பு இறால் வகைகளுக்கு விஷம், மிகக் கொஞ்சம் கரைந்தாலே ஆபத்து. "செம்புத் தண்ணி உடம்புக்கு நல்லதுன்னு டாக்டரே சொல்றாரு. ஒன் கூனிக்கு ஆகாதோ?"

தொட்டியில் மண்ணைப் பரப்பி, கல் வைத்து, ஜாவா பாசி, அனுபியாஸ் என்று இரண்டு நீர்ச்செடிகளையும் வைத்தாயிற்று. ஜாவா பாசியைக் கல்லில் நூலால் சுற்றிக் கட்ட வேண்டும். தீக்குச்சிப் பெட்டி அளவு பாசிக்கு நூற்றைம்பது ரூபாய். அதை நான் கட்டிக்கொண்டிருந்தபோது பார்த்துக்கொண்டு நின்ற அக்கா ஒருத்தர், தீவுப் பக்கம் முங்கி மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்கிற கடல்பாசிகளை எடுத்துக் கரைசேர்க்கிறவர். மூங்கில் மிதவையில் கயிறு கட்டிப் பாசி வளர்த்தும் பழக்கம். விலையைச் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் அப்பத்தா தூக்கம் கலைந்து வந்துவிட்டாள். "நூத்தம்பதா! எங்ககிட்ட கிலோ என்ன வெலைக்கு எடுக்குறாங்கன்னு தெரியுமா தம்பி?" என்று கேட்டுவிட்டு, என் கையிலிருந்த கல்லைப் பிடுங்கி, நான் கட்டியதை அவிழ்த்து, இரண்டு நிமிடத்தில் திரும்பக் கட்டிக் கொடுத்தார். அந்தக் கட்டு இன்னும் அவிழவில்லை. பாசி கல்லையே மூடிவிட்டது.

அழகுக்கு வைக்கச் சித்தப்பா ஒரு பவளப்பாறைத் துண்டு கொண்டுவந்தார். எங்கேயோ பரணில் கிடந்ததாம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளையும் 1986லேயே தேசியப் பூங்கா ஆக்கியாயிற்று, பவளம் வீட்டில் இருந்தாலே வனத்துறை கேஸ் போடும், தண்ணீரில் போட்டால் சுண்ணாம்பும் கரையும் என்று சொன்னேன். சித்தப்பா சுற்றிலும் பார்த்துவிட்டுத் துண்டில் மறைத்து எடுத்துப் போனார்.

அடுத்து ஒரு மாதம் சும்மா காத்திருக்கும் கட்டம். புதுத் தொட்டியில் கழிவிலிருந்து வரும் அம்மோனியா இறாலைக் கொன்றுவிடும். அதை நைட்ரைட்டாகவும், அப்புறம் அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா முதலில் குடியேற வேண்டும். பாக்டீரியாவுக்குத் தீனியாக எதையாவது அழுக விட வேண்டும். அதற்குச் சுலபமான வழி, ஒரு பச்சை இறாலைத் தொட்டியில் போடுவது. எங்கள் வீட்டில் இறாலுக்கா பஞ்சம்? ஒன்றை எடுத்துப் போட்டேன்.

இரண்டு நாளில் வாசம் ஹாலைத் தாண்டி வாசலுக்குப் போய்விட்டது. அப்பத்தா மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு கேட்டாள்: "வீட்டுக்கு வர்ற இறாலுக்குச் செத்த இறாலைப் போட்டா வரவேற்பு வைப்பாக?"

வருகிறவர்களெல்லாம் வெறும் தொட்டியைப் பார்த்து, "மீன் எங்க?" என்றார்கள். மீன் இல்லை, இறால். "இறால் எங்க?" இன்னும் வரவில்லை. "அப்ப எதுக்கு லைட்டு எரியுது?" செடிக்கு. தெருவில் நான் நடந்து போனால் ஒரு பரிதாபப் பார்வை என் முதுகில் ஏறுவது தெரிந்தது.

இறால் கொளத்தூரிலிருந்து வந்தது. சென்னையில் அலங்கார மீன் என்றால் கொளத்தூர்தான். நண்பன் ஒருத்தன் ரயிலில் மடியில் வைத்து வாங்கி வந்தான். வந்ததும் அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அவை இருக்கும் டப்பாவில் விழ வைத்துப் பழக்க வேண்டும். இரண்டு மணி நேரம் ஆகும். அப்பத்தா வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டில் சொன்னது எனக்கே கேட்டது: "இறாலுக்கு டிரிப்ஸ் ஏத்துறான்."

ஏப்ரல் 15 வந்தது. ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் வரிசை கட்டி நின்றன. அப்பாவுக்குப் பார்க்க இறால் இல்லை, பேரம் பேச ஆள் இல்லை. காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்து, நாற்காலியைத் தொட்டிக்கு முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முப்பது வருடமாக ஐஸ் பெட்டியில் இறால் பார்த்த மனிதர். உயிரோடு ஒன்று தன் பாட்டுக்கு இலையைச் சுரண்டித் தின்பதை இவ்வளவு நேரம் அவர் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன்.

அதிலிருந்து தொட்டிக்கு அவர்தான் மேஸ்திரி. ஒருநாள் அப்பத்தா, "ஒண்ணு செத்துப்போச்சு, வெள்ளையாக் கெடக்கு" என்று கத்தினாள். அப்பா எழுந்துகூட வரவில்லை. "அது சாகல ஆத்தா, சட்டை கழட்டியிருக்கு. எடுத்துப் போட்டுடாத, அதையே திங்கும். ஓடு எறுகுற வரைக்கும் அதைத் தொந்தரவு பண்ணாதீக." சரியாகச் சொன்னார். ஓடு இளகின இறாலை ஏலத்தில் விலை குறைத்துக் குறைத்தே வந்த அறிவு அது.

வெயில்தான் கொன்றது. தொட்டித் தண்ணீர் 32 டிகிரி. செர்ரி இறாலுக்கு 28க்குக் கீழே இருப்பது நல்லது, சூடு ஏறினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். ஒரு சின்ன ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் காற்றடிக்க வைத்தால் ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி இறங்கும். வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேன் அப்பத்தாவுடையது. பேச்சுவார்த்தை நீண்டது. கடைசியில் பகலில் இறாலுக்கு, ராத்திரி அப்பத்தாவுக்கு என்று முடிவானது. ஆவியாகிற தண்ணீருக்குப் பதில் கேன் தண்ணீர் மட்டும்தான் ஊற்ற வேண்டும், உப்பு போகாமல் தொட்டியிலேயே தங்கிவிடும் என்று விளக்க ஆரம்பித்தேன். அப்பா கையை ஆட்டி நிறுத்தினார். "வாலிநோக்கம் உப்பளத்துல நடக்குறதுதானடா இது. போ, போய்க் கேனை எடுத்துட்டு வா."

பாதாம் மரத்துக் காய்ந்த இலையை ஒன்றிரண்டு தண்ணீரில் போட்டால் இறால்கள் அதன் மேல் மொய்த்துக்கொள்ளும். தண்ணீர் லேசாகத் தேத்தண்ணி நிறமாகும். இதைச் சொன்னதிலிருந்து அப்பத்தா வாசல் பெருக்கும்போது நல்ல இலையாகப் பொறுக்கி முறத்தில் சேர்க்கிறாள். கேட்டால், "சும்மா கெடந்துச்சு" என்கிறாள்.

இதற்குள் ஒரு பெண் இறால் வயிற்றுக்கடியில் மஞ்சள் முட்டையோடு சுற்ற ஆரம்பித்தது. அப்பாவுக்கு அதில் ஆச்சரியம். எங்கள் வெள்ளை இறால் முட்டையைக் கடலில் விட்டுவிட்டுப் போய்விடும், வயிற்றில் கட்டிக்கொண்டு திரிவது லாப்ஸ்டர் என்கிற சிங்கி இறால்தான். "கூனி சைஸ்ல இருந்துக்கிட்டுச் சிங்கி மாதிரி பண்ணுது பாரு!" என்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். சினை என்று தெரிந்ததும் அம்மா மாறினாள். அதுவரை குடத்துக்குக் கணக்குக் கேட்டவள், இப்போது கொசுமருந்தை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பூச்சிமருந்து இறாலை உடனே கொல்லும் என்று சொல்லியிருந்தேன். எங்களைக் கொசு பிடுங்கியது.

கொசு அதிகமானால் மருந்துப் புகை அடிக்கிற வண்டி வரும். வந்தது. தெருமுனையில் சத்தம் கேட்டதும் வீடே பறந்தது. அம்மா ஜன்னலைச் சாத்தினாள், அப்பா ஈரத் துண்டைத் தொட்டி மேல் போர்த்தினார், வெளிக்காற்றை உள்ளே இழுக்காமல் இருக்க நான் ஏர் பம்ப்பை நிறுத்தினேன், கதவை உள்பக்கம் தாழ் போட்டோம். வெள்ளைப் புகை வாசலை மூடியது. புகைக்குள்ளிருந்து ஒரு குரல், இருமலோடு: "ஏண்டா, நான் திண்ணையிலதான இருக்கேன்!"

அப்பத்தா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. இலை பொறுக்குவதை மட்டும் நிறுத்தவில்லை.

சுமார் ஒரு மாதத்தில் குஞ்சுகள் வந்தன. முட்டையிலிருந்து வரும்போதே அச்சாகத் தாய் மாதிரி, ஆனால் எள்ளளவுதான். ஸ்பாஞ்ச் ஃபில்டர் என்பதால் எதுவும் உள்ளே இழுபடவில்லை. அடுத்தடுத்துச் சினை, அடுத்தடுத்துக் குஞ்சு. தடைக்காலம் முடிந்து படகுகள் போய் வந்து, வீட்டில் முதல் இறால் தொக்கு வைத்த அன்று அப்பத்தா தன் தட்டோடு நகர்ந்து தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். தொக்கை மிச்சம் வைக்கவில்லை, அது வேறு விஷயம்.

தொட்டி நெருக்கமாகிவிட்டது. ராமநாதபுரத்தில் ஒரு மீன் கடையில் ஐம்பது எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். கடையில் விற்பது உருப்படி 30 ரூபாய் என்று தெரிந்த அன்று ராத்திரி அப்பா கால்குலேட்டரோடு உட்கார்ந்தார். நாலாயிரம் கவுண்ட், பெருக்கல் முப்பது. மறுபடி தட்டினார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, சத்தத்தைக் குறைத்துக் கேட்டார்: "கிலோ ஒரு லட்சத்து இருபதாயிரமாடா?"

"கணக்குப்படி அப்பா, ஆனா யாரும் கிலோவா..."

"நீ பேசாத. வெலை நான் பேசுறேன்."

ஐஸ் எவ்வளவு வேண்டும் என்றும் கேட்டார். நான் சிரிக்கவில்லை. வெயிலில் உயிர் இறால் அனுப்பும்போது தெர்மாகோல் பெட்டியில், பைக்குத் தள்ளி, காகிதம் சுற்றிய ஐஸ் வைப்பது உண்டு. அந்தப் பேக்கிங்கில் அவர் என்னைவிடக் கெட்டி.

கடைக்காரர் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "பன்னண்டு ரூபா போட்டுக்கலாம் அண்ணே" என்றார்.

அப்பா பையை அவர் கையிலிருந்து வாங்கினார். "தம்பி, இது கிலோ ஒண்ணே கால் லட்சம் போற சரக்கு."

"அண்ணே, நான் கேட்டது ஒண்ணுக்கு..."

"சரக்கு தெரியாத எடத்துல நான் எறக்குறதில்ல."

பதினைந்து வரை ஏறினார் கடைக்காரர். அப்பா இறங்கவில்லை. ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மண்டபம் திரும்பினோம். உச்சிப்புளி தாண்டும்போது, இரண்டடித் தொட்டி என்ன விலை, அதற்கு எத்தனை குடம் பிடிக்கும் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் வந்தார்.

"அம்மாகிட்ட நீயே சொல்லிரு" என்றார்.