ஆறு மகரந்தத்தாள் என்றதும் நெல் என்று எழுதிவிடாதீர்கள்

நேற்று சாயங்காலம் ரிசல்ட் வந்தது. எம்.எஸ்சி. தாவரவியல், வகைப்பாட்டியல் செய்முறை, இரண்டாவது தடவையில் பாஸ். அம்மாவிடம் போனில் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். போன வருடம் இதில் அரியர் விழுந்தது ஒரு புல்லால்தான். அதனால் அந்தப் புல்லைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன். மற்றக் குடும்பங்களுக்கு உங்கள் ரெக்கார்டு நோட்டு போதும்.

பிரித்து வரையத் தந்த மாதிரியில் சிறுகதிர், அதாவது உமி மூடிய புல்லின் பூத்தொகுப்பு, பக்கவாட்டில் தட்டையாக இருந்தது. லெம்மாவின் (வெளி உமி) முதுகில் விறைப்பான மயிர். உள்ளே ஆறு மகரந்தத்தாள். எண்ணி முடித்ததும் ஒரைசா, அதாவது நெல்லின் பேரினம், என்று எழுதிவிட்டேன். வயல்காட்டில் வளர்ந்தவளுக்கு நெல் தெரியாதா என்ற தைரியம். வைவாவில் (வாய்மொழித் தேர்வு) தேர்வாளர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "குளூம் எங்கே, காட்டு." குளூம் என்றால் சிறுகதிரின் அடியில் இருக்கும் செதில். ஊசியால் தேடிக்கொண்டே இருந்தேன். அது லீர்சியா, நெல்லுக்கு உறவான ஒரு புல். அதில் குளூமே கிடையாது. "இல்லை சார்" என்று சொல்லியிருந்தாலே மார்க் கிடைத்திருக்கும்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் தேரூர்ப் பக்கம். கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து வரப்பில் நடந்தால் காலைக் கீறும் ஒரு புல் மடை ஓரமெல்லாம் மண்டிக் கிடக்கும். கல்லூரியில் தவறவிட்ட லீர்சியா ஹெக்ஸாண்ட்ரா அதுதான். அப்பாவிடம் காட்டினேன். "மக்கா, இத நெல்லுன்னா எழுதுன? தடவிப் பாத்தாலே தெரியுமே" என்றார். உண்மைதான். இலை விளிம்பு அவ்வளவு சொரசொரப்பு, கணுவில் கீழ்நோக்கிய மயிர்.

அன்றைக்கே விதைச் சாக்கிலிருந்து ஒரு நெல்மணியும் அந்தப் புல்லின் ஒரு சிறுகதிரும் ஒரே ஸ்லைடில் வைத்துப் பார்த்தேன். நெல்லின் அடியில் இரண்டு சின்னச் செதில்கள் கூராக ஒட்டியிருக்கும். வெறும் கண்ணுக்கே தெரியும். அவை மலட்டு லெம்மாக்கள். அதற்கும் கீழே காம்பு நுனியில் உதடு மாதிரி ஒரு விளிம்பு, குளூம் சுருங்கி மிஞ்சியது. லீர்சியாவில் இந்த இரண்டும் இல்லை. காம்பு முடிந்ததும் நேராக லெம்மா, பேலியா (உள் உமி). சிறுகதிரும் சின்னது, 3 முதல் 4 மில்லிமீட்டர்தான்.

இந்தத் தடவை நான் செய்தது:

- எண்ணுவதற்கு முன்னால் லெம்மாவுக்குக் கீழே பார்ப்பது. இதைத்தான் நூறு தடவை சொல்வேன்.
- லெம்மாவில் 5 நரம்பு, பேலியாவில் 3. படத்தில் நரம்பு போடாமல் விடாதீர்கள்.
- லாடிக்யூல் (பூவின் அடியில் உள்ள நுண்செதில்) இரண்டு. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால்தான் பிரியும்.
- மட்டநிலத்தண்டோடு (மண்ணுக்குள் படுத்து வளரும் தண்டு) பிடுங்கி வாருங்கள். பல்லாண்டுத் தாவரம் என்று எழுத ஆதாரம் அதுதான்.

வைவாவுக்குக் கொஞ்சம். ஓலோஃப் ஸ்வார்ட்ஸ் 1788இல் வெளியிட்ட பேரினம் இது. லேயர்ஸ் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் நினைவாகப் பெயர். சுமார் 18 சிற்றினங்கள். ஒரைசி என்னும் நெல் இனக்குழு; சி3 ஒளிச்சேர்க்கை. ஹெக்ஸாண்ட்ரா என்றால் ஆறு மகரந்தத்தாள், அது நம் ஊர்ச் சிற்றினத்தின் கணக்கு. பேரினம் முழுக்க அப்படியில்லை: லீர்சியா ஒரைசாய்டஸில் மூன்று, வர்ஜினிகாவில் இரண்டு. அப்படியிருக்க, எண்ணிக்கையை மட்டும் நம்பி எப்படிப் பேரினம் எழுதுவது? அப்புறம், நெற்பயிரைத் தாக்கும் புகையான் பூச்சியில் நெல்லை விட்டு இந்தப் புல்லிலேயே வாழும் ஒரு பிரிவு உண்டு. இதைச் சொன்னபோது இந்த வருடத் தேர்வாளர் நிமிர்ந்து பார்த்தார்.

சிலர் இருபது குடும்பமும் ஒரே சீராகப் படிப்பார்கள். என்னால் அது முடியாது. ஒரு செடியைக் கையில் வைத்து ஒரு மணி நேரம் பிரித்தால்தான் எனக்கு மனதில் நிற்கும். அப்படிப் பழகியவர்கள் தினமும் காலையில் ஒரு புல் எடுங்கள், பூத்திருக்கும் கதிராகப் பார்த்து. வாடினால் மகரந்தப்பை உதிர்ந்து கணக்குத் தப்பிவிடும்.

ஊசி சொந்தமாகக் கொண்டு போங்கள். லேபில் தருவது மழுங்கியிருக்கும், 4 மில்லிமீட்டர் சிறுகதிரை அது நசுக்கிவிடும்.