அடுத்தது வந்தால்தானே சார் தெரியும்?

"பாக்கெட் தொலைந்தால், தொலைந்தது என்று எப்படி சார் தெரியும்?"

"ஒவ்வொன்றிலும் வரிசை எண் இருக்கிறதும்மா. 41க்கு அப்புறம் 43 வந்தால் நடுவில் ஒன்று போச்சு."

"அடுத்தது வந்தால்தானே சார் தெரியும்?"

கடிகாரத்தைப் பார்த்தேன். "சரி, டீ குடித்துவிட்டு வரலாம்" என்றேன். டீக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் எங்கள் நிறுவனத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கான அறிமுக வகுப்பு அது. விமானத்தில் எடுக்கும் அளவுகளை ரேடியோ வழியாகத் தரைக்கு அனுப்பும் டெலிமெட்ரிதான் பாடம். அந்த அளவுகளைச் சிறு கட்டுகளாக அனுப்பினால், ஒவ்வொரு கட்டும் ஒரு பாக்கெட். பாதிப் பேருக்கு மலையாளம், பாதிப் பேருக்குத் தமிழ். நான் இரண்டையும் கலந்தடிப்பேன். கேட்டவள் கொழிஞ்சாம்பாறைக்காரி, எங்கள் வீட்டுத் தமிழ்தான் பேசுவாள். பின்வரிசையில் வாடிக்கையாளர் தரப்பில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்காக நழுவினேனா, எனக்கே பதில் தெரியாமல் நழுவினேனா? முதலாவது என்றுதான் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விமானச் சோதனையில், அளவுகளை இடைவிடாமல் வரிசையாக அனுப்பும் பழைய பிசிஎம் முறை டவுன் பஸ் மாதிரி. ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் நேரத்துக்குக் கிளம்பும். ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது பஸ்ஸின் ஒவ்வொரு நடையிலும், ஒரே ஒத்திசைவு எண் வரும். அது வராவிட்டால் சிக்னல் பிடிபட்டிருப்பதைக் காட்டும் லாக் விளக்கு தரையில் உடனே அணையும். பாக்கெட்டுகளாக அனுப்பும் நெட்வொர்க் டெலிமெட்ரி ஷேர் ஆட்டோ. ஆள் சேர்ந்தால் கிளம்பும், வேண்டியவர்களை மட்டும் ஏற்றும், திரும்பியும் வரும். தரையிலிருந்து கட்டளை அனுப்பலாம், விட்டுப்போனதைக் கேட்டு வாங்கலாம். டெலிமெட்ரிக்கான ஐரிக் 106 (IRIG 106) தரநிலையின் 2017 பதிப்பில் இதற்கென்று 21 முதல் 28 வரை தனி அத்தியாயங்களே வந்துவிட்டன. எல்லாப் பெட்டிகளின் கடிகாரங்களையும் ஒன்றாக்க ஐஈஈஈ 1588 (IEEE 1588) என்ற தரநிலை. இதையெல்லாம் உற்சாகமாகச் சொன்னேன். ஆட்டோ வராவிட்டால் பழுதா, ஆள் இல்லையா என்று ஸ்டாண்டில் நிற்பவருக்குத் தெரியாது. என் உவமைக்குள்ளேயே அவள் கேள்வி இருந்தது, நான்தான் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து வாடிக்கையாளர் இடத்தில் எஞ்சினைத் தரையில் ஓட்டிப் பார்த்தார்கள். அளவெடுக்கும் ஒரு பெட்டியிலிருந்து வந்த பாக்கெட் ஓட்டம் மட்டும் ரேடியோவுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. மற்ற அளவுகள் ஆடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்தப் பெட்டி அனுப்பும் எண்ணெய் வெப்பநிலை, கடைசியாக வந்த 92லேயே திரையில் நின்றது. பார்க்க அவ்வளவு நிம்மதியான எண். கடைசியில் ஒருவர், "இது ஏன் துடிக்கவே மாட்டேன் என்கிறது?" என்று கேட்டு எஞ்சினை அணைக்கச் சொன்னார். ரெக்கார்டரில் எல்லாம் பத்திரமாக இருந்தது, பிறகு கேட்டு வாங்கினோம். அசல் எண் 92ஐத் தாண்டி ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஆபத்தான அளவுக்குப் போகவில்லை.

திரை மென்பொருள் எங்களுடையது இல்லை. அறிமுக வகுப்பில் எல்லாவற்றையும் சொல்லவும் முடியாது. அவள் கேள்விக்கு அன்று நான் நின்று பதில் சொல்லியிருந்தாலும் அந்தத் திரை மாறியிருக்குமா? மாறியிருக்காது. ஆனால் பின்வரிசையில் இருந்த இரண்டு பேரும் அதைக் கேட்டிருப்பார்கள். "இவ்வளவு நேரம் புதிது வராவிட்டால் எண்ணைச் சாம்பல் நிறமாக்கு" என்ற ஒரே வரிதான் பதில். பின்னால் அறிக்கையில் அதைப் பரிந்துரையாக எழுதியதும் நான்தான். கேள்வி யாருடையது என்று எழுதவில்லை. அறிக்கையில் அப்படி எழுதும் வழக்கமும் இல்லை.

போன வாரம் திருத்திய ஸ்லைடுகளை அவளிடம் காட்டினேன். சாம்பல் நிற எண் இருக்கும் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள்.

"நன்றாக இருக்கிறது சார்" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் அவள் வகுப்பிலும் எதுவும் கேட்பதில்லை.